அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கில் பூர்வி ஸ்டார் இல்லை: ராணுவப் பதிவைத் திருத்த என்ன வழி?

மலர்_கம்பம் (ஜனவரி 12)

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் பட்டாளத்தில் இருந்தவர்கள் நிறையப் பேர் எழுதுகிறீர்கள். என் அப்பாவுக்காக ஒரு உதவி வேண்டும். கொஞ்சம் நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா 1968-ல் ராணுவத்தில் சேர்ந்தார். எம்.டி. டிரைவர், அதாவது ராணுவ வண்டி ஓட்டுபவர். 1985-ல் நாயக் ரேங்கில், பென்ஷனோடு ஊருக்கு வந்தார். இப்போது 76 வயது. எந்தப் பிரிவு என்று நான் எழுதப்போவதில்லை. யார் பெயரையும் இழுக்க எனக்கு விருப்பமில்லை.

1971 அக்டோபரில் அவருடைய யூனிட் மத்தியப் பிரதேசத்தில் இருந்தது. அங்கிருந்து ஏழு டிரைவர்களை வண்டியோடு கிழக்குப் பக்கம் வேறொரு யூனிட்டுக்கு அனுப்பினார்கள். அப்பா அதில் ஒருவர். சக்திமான் வண்டி. அகர்தலாவிலிருந்து அகௌரா வழியாக எல்லையைத் தாண்டி மேக்னா ஆறு வரை குண்டுப் பெட்டிகள் ஏற்றிப் போயிருக்கிறார். ஆசுகஞ்ச் ரயில் பாலத்தைப் பாகிஸ்தான்காரர்கள் வெடி வைத்துத் தகர்த்துவிட்டதால் ஆட்களை ஹெலிகாப்டரில் அக்கரைக்குக் கொண்டுபோனார்களாம். வண்டிகள் இக்கரையிலேயே நின்றுவிட்டன. டாக்காவில் சரணடைந்த செய்தியை அந்தக் கரையில் டிரான்சிஸ்டரில்தான் கேட்டோம் என்பார்.

2021-ல் அந்த வங்கதேசப் போரின் 50-வது ஆண்டுக்கு ஒரு விழா வைத்து, கிழக்கு முனையில் இருந்தவர்களைத் தனியாக மேடையில் ஏற்றினார்கள். அவர்களுக்குக் கொடுத்த பதக்கம்தான் பூர்வி ஸ்டார். பட்டியல் எடுத்தவர் அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு பூர்வி ஸ்டார் இல்லையே, நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க" என்றாராம். அப்பா வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மெடல்களைக் கழற்றி பிஸ்கட் டின்னில் போட்டார். அதற்குப் பிறகு அவர் எந்த விழாவுக்கும் போகவில்லை.

மெடல் விவரம் எழுதும் பக்கம் இப்போது என் முன்னால் இருக்கிறது. நீல மையில் மூன்று வரிகள். சங்ராம் மெடல், 25-வது சுதந்திர ஆண்டு மெடல், 9 வருட நீண்ட சேவை மெடல். மூன்றாவது வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு முடித்திருக்கிறார்கள்.

50 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இனிமேல் இதைத் திருத்த முடியுமா?

சுபேதார்_வேலூர் (ஜனவரி 12)

மலர் அம்மா, அப்பாவுக்கு என் ராம் ராம் சொல்லுங்கள். நான் 28 வருடம் கிளார்க் டிரேடில் இருந்து சுபேதாராக வந்தவன். இந்தக் காகிதங்களோடுதான் என் காலம் போனது. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

டிஸ்சார்ஜ் புக் மூல ஆவணம் இல்லை. ஊருக்குப் போகும்போது கையில் கொடுத்தனுப்பும் சுருக்கம் அது. மூலம் ஷீட் ரோல். அது ரெக்கார்ட் ஆபீசில் இருக்கும். ஒரு ஜவானுக்குப் போஸ்டிங், கோர்ஸ், கல்யாணம், குழந்தை, தண்டனை, மெடல் எது வந்தாலும் டி.ஓ. பார்ட்-2 என்ற ஆணையில் வெளியாகி, அதை வைத்துத்தான் ஷீட் ரோலில் ஏற்றுவார்கள். டி.ஓ. பார்ட்-2 வரவில்லை என்றால் ராணுவக் கணக்கில் அந்தச் சம்பவமே நடக்கவில்லை.

அப்பாவின் விஷயத்தில் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு புரிகிறது. போஸ்டிங் என்றால் ஆளின் பெயரே புது யூனிட்டின் கணக்கில் ஏறிவிடும். அட்டாச்மென்ட் அப்படி இல்லை. ஆள் அங்கே இருப்பார், பெயர் இங்கே இருக்கும். போர் முடிந்து மெடல் ரோல், அதாவது யாருக்கு எந்த மெடல் என்ற பட்டியல், தயாரிக்கும்போது தாய் யூனிட் கிளார்க் "நம்ம யூனிட் சண்டைக்கே போகலையே" என்று எல்லோருக்கும் சங்ராம் மட்டும் எழுதியிருப்பார். அங்கே இருந்த கிளார்க்கோ "இவங்க நம்ம ஆளுங்க இல்லை, அவங்க யூனிட் பார்த்துக்கும்" என்று விட்டிருப்பார். இரண்டு பேரும் வேலையைச் சரியாகத்தான் செய்திருப்பார்கள். நடுவில் ஏழு டிரைவர்கள் விழுந்துவிட்டார்கள். என் சர்வீசில் இதுபோல் நாலைந்து கேஸ் பார்த்திருக்கிறேன்.

சங்ராம் மெடல் 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரையிலான பணிக்கு, நேரடியாகச் சண்டைக்குப் போகாதவர்களுக்கும் பரவலாகக் கொடுத்தது. சிம்லா ஒப்பந்தப்படி இரு தரப்பும் படைகளைத் திருப்பி அழைத்து முடிக்க 1972 டிசம்பர் ஆகிவிட்டது, அதனால்தான் அவ்வளவு நீண்ட காலம். பூர்வி ஸ்டார் அப்படியல்ல. டிசம்பர் 3 முதல் 16 வரை கிழக்குப் போர்முனையில் பணியில் இருந்தவர்களுக்கு மட்டும். மேற்கே இருந்தவர்களுக்கு பஷ்சிமி ஸ்டார்.

ஆக, நீங்கள் நிரூபிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த 14 நாட்களில் அப்பா எங்கே இருந்தார்?

கார்த்திக்_ஓசூர் (ஜனவரி 13)

தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா. இந்த ஸ்டார் கிடைத்தால் பென்ஷன் கூடுமா? வேறு ஏதாவது பணம் வருமா? இல்லையென்றால் இந்த வயதில் அப்பாவை அலைக்கழிப்பானேன்? மிலிட்டரி டெய்லர் கடைகளில் எல்லா மெடலும் கிடைக்கிறது. வாங்கிக் குத்திக்கொண்டால் போகிறது.

சுபேதார்_வேலூர் (ஜனவரி 13)

தம்பி கார்த்திக், பணம் வராது. வீரச் செயலுக்குக் கொடுக்கும் பதக்கங்களுக்கு மாதப் படி உண்டு, மாநில அரசின் ரொக்கமும் உண்டு. அவை அரசிதழில் வரும். பூர்வி ஸ்டார் போர்ச்சேவைப் பதக்கம். அதற்கு ஒரு பைசா கிடையாது.

கடையில் விற்பது நகல். தகுதி உள்ளவர் ஒரிஜினலைப் பத்திரமாக வைத்துவிட்டு விழாவுக்கு நகலைப் போட்டுக்கொள்வது வழக்கம்தான், நானும் செய்கிறேன். பதிவில் இல்லாத மெடலை நெஞ்சில் குத்திக்கொள்வது வேறு. உண்மையிலேயே அங்கே போய் வந்த மனிதர் பொய் மெடல் போட்டவர் என்று பெயர் வாங்கவா? சங்ராம் மெடலின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். ஆர்மி நம்பர், பெயர் எல்லாம் பொறித்திருக்கும். கடை மெடலின் விளிம்பு மொட்டையாக இருக்கும்.

மலர்_கம்பம் (ஜனவரி 13)

கார்த்திக் தம்பி, நீங்கள் அக்கறையில்தான் கேட்டீர்கள் என்று தெரியும். அப்பாவும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். "நான் போனது எனக்குத் தெரியும், விடும்மா" என்றார். ஆனால் அன்றைக்கு ராத்திரி எழுந்துபோய் அந்த டின்னை எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்த்துவிட்டு என்னால் விட முடியவில்லை.

சுபேதார் ஐயா, விளிம்பைப் பார்த்தேன். சங்ராம் மெடலில் நம்பரும் பெயரும் இருக்கின்றன. இத்தனை வருடம் கையில் வைத்திருந்தும் இன்றுதான் கவனித்தேன்.

பவன்_87 (ஜனவரி 14)

நான் 1987-ல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவன். திருநெல்வேலிக்காரன். எனக்கும் ஒரு மெடல் பதிவில் ஏறவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. நான் கேட்கவில்லை. இனியும் கேட்கப்போவதில்லை. என் மொழி பேசுகிற ஊரில் துப்பாக்கியோடு நின்ற நாட்கள் அவை. கடமையைச் செய்தேன், உடன் வந்தவர்களை இழந்தேன், அந்த ஊர் ஜனங்கள் இழந்ததையும் பார்த்தேன். அதை நெஞ்சில் குத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இதை உங்களைத் தடுக்க எழுதவில்லை சகோதரி. வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். உங்கள் அப்பாவைக் கேட்காமலே அவருக்காக யாரோ முடிவு செய்துவிட்டார்கள். அவருக்குக் கிடைக்க வேண்டும். கேளுங்கள்.

சுபேதார்_வேலூர் (ஜனவரி 14)

பவன் அண்ணாச்சி, உங்கள் மனசு புரிகிறது. மேற்கொண்டு பேசமாட்டேன்.

மலர் அம்மா, இனி வேலை. எந்த ரெக்கார்ட் ஆபீஸ் என்பது பிரிவைப் பொறுத்தது. மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். பீரங்கிப்படை நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், இ.எம்.இ. என்ற பழுதுபார்க்கும் பிரிவு செகந்திராபாத், மருத்துவப் பிரிவு லக்னோ, டி.எஸ்.சி. என்ற பாதுகாப்புக் காவல் பிரிவு கண்ணூர். விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க். இது எல்லாம் ஜவான் முதல் ஜே.சி.ஓ., அதாவது சுபேதார் போன்ற ரேங்குகள் வரை. அதிகாரிகளின் பதிவு டெல்லி தலைமையகத்தில்.

அப்பா பென்ஷனோடு வந்தது நல்லதாகப் போயிற்று. பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் ஷீட் ரோலை 25 வருடத்தில் அழித்துவிட விதி இருக்கிறது. அதன்பின் லாங் ரோல் என்ற பெரிய பதிவேட்டில் ஒரு வரிதான் மிஞ்சும். பென்ஷன்காரர்களின் பதிவை அதைவிட நீண்ட காலம் வைத்திருப்பார்கள். ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள்.

மதுரை_வக்கீல் (ஜனவரி 15)

எடுத்த எடுப்பில் "மெடல் கொடுங்கள்" என்று எழுதாதீர்கள். "பதிவில் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வந்துவிட்டால், அந்தப் பதிலே உங்களுக்கு எதிரான ஆவணமாகிவிடும். பதிவில் என்ன இருக்கிறது என்று முதலில் வாங்குங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் அந்த ரெக்கார்ட் ஆபீசின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர். அப்பாவின் கையெழுத்தில் போகட்டும். நீங்கள் கேட்டால் மூன்றாம் நபர் விவரம் என்று மறுக்க இடம் உண்டு, அவருடைய விவரத்தை அவரே கேட்டால் மறுக்க முடியாது. "ஏன் கொடுக்கவில்லை" என்று கேட்கக் கூடாது, காரணம் கேட்பது தகவல் கேட்பதாகாது. நகல் கேளுங்கள். ஷீட் ரோலின் சான்றிட்ட நகல். 1971 அக்டோபர் முதல் 1972 மார்ச் வரை அவர் பெயரில் வெளியான டி.ஓ. பார்ட்-2 ஆணைகளின் நகல். அவருக்கு எந்தெந்த மெடலுக்குக் கோரிக்கை அனுப்பப்பட்டது என்ற பதிவின் நகல். மூன்றே போதும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை.

மலர்_கம்பம் (ஜனவரி 22)

மனு போட்டாயிற்று. ரெஜிஸ்டர் தபால்.

ஊரில் ஒரு ஏஜென்ட் 15 ஆயிரம் கொடுத்தால் "டெல்லியில் ஆளை வைத்து முடித்துத் தருகிறேன்" என்கிறார். நம்பலாமா?

சுபேதார்_வேலூர் (ஜனவரி 22)

வேண்டவே வேண்டாம். முதல்முறை வழங்கும் மெடல் இலவசம். பதிவைத் திருத்தவும் கட்டணம் இல்லை. செலவு உங்களுக்குத் தபாலும் ஜெராக்சும்தான். துணை வேண்டுமானால் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். உதவி இயக்குநரின் பரிந்துரைக் கடிதத்தோடு போகும் மனுவுக்கு மதிப்பு அதிகம்.

டெக்சாஸ்_தமிழன் (ஜனவரி 25)

இங்கே பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு இதேபோல் ஒரு வேலையில் உதவினேன். அமெரிக்காவில் டிஸ்சார்ஜ் பத்திரத்துக்கு டி.டி. 214 என்று பெயர். அதில் விடுபட்டதைச் சேர்த்தால் பழையதை மாற்றமாட்டார்கள், டி.டி. 215 என்று திருத்தப் பத்திரம் தனியாகத் தருவார்கள். அவர் விஷயத்தில் சிக்கல் என்னவென்றால் மூலக் கோப்பே இல்லை. 1973 ஜூலை 12-ல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் 1.6 முதல் 1.8 கோடி கோப்புகள் போய்விட்டன. 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் 80 சதவீதம் அதில் எரிந்தது. மாற்றுப் பிரதி எதுவும் எடுத்து வைத்திருக்கவில்லை.

அப்புறம் எப்படிக் கிடைத்தது என்றால், அவர் யூனிட் தினமும் காலையில் அனுப்பிய ஆள் கணக்கு அறிக்கைகளில் அவர் பெயர் இருந்தது. சம்பளச் சீட்டும் ஒன்று கிடைத்தது. மனிதரின் கோப்பு இல்லாவிட்டாலும் அவர் கூட இருந்தவர்களின் காகிதங்களில் அவர் இருப்பார். மலர், அப்பா அந்த நாட்களில் வீட்டுக்கு எழுதிய கடிதம் ஏதாவது இருக்கிறதா?

மலர்_கம்பம் (பிப்ரவரி 3)

டெக்சாஸ் அண்ணா, நீங்கள் கேட்ட கேள்விக்காகவே உத்தமபாளையத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தைக்கு 81 வயது. கல்யாணப் பட்டுப் புடவைக்கு அடியில், மஞ்சள் துணியில் சுற்றி, தம்பி எழுதிய கடிதங்களை அப்படியே வைத்திருக்கிறார். மொத்தம் பதினொன்று. அதில் ஒரு இன்லேண்ட் லெட்டரில் தேதி 28-11-71.

ஊர் பெயரே இல்லை. "இங்கே குளிர் அதிகம். சோறு நன்றாகக் கிடைக்கிறது. வண்டி நல்ல வண்டி. அம்மாவை அழ வேண்டாம் என்று சொல்" என்று எழுதியிருக்கிறார். அனுப்புநர் இடத்தில் நம்பர், பெயர், ஒரு யூனிட், அதற்குக் கீழே "99 ஏ.பி.ஓ." முத்திரையிலும் ஊர் பெயர் இல்லை, ஏதோ எண் மட்டும்தான். இது எதற்காவது உதவுமா?

சிக்னல்_செல்வம் (பிப்ரவரி 3)

உதவுமாவா! அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள் தங்கச்சி, லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.

ராணுவத் தபாலில் ஊர் பெயர் எழுதவே கூடாது, ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலைய எண்தான். 56 ஏ.பி.ஓ. என்றால் டெல்லியில் பிரியும். 99 ஏ.பி.ஓ. என்றால் கல்கத்தாவில் பிரிந்து கிழக்கே இருக்கும் யூனிட்டுகளுக்குப் போகும். மத்தியப் பிரதேசத்தில் அமைதி ஸ்டேஷனில் இருந்த டிரைவர் எதற்காக 99 ஏ.பி.ஓ. என்று எழுதப்போகிறார்? தாய் யூனிட் பெயரை எழுதியிருக்கிறாரா, அட்டாச் ஆன யூனிட்டையா?

மலர்_கம்பம் (பிப்ரவரி 3)

அட்டாச் ஆன யூனிட்டை, அண்ணா. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "தபால் வந்து சேரணுமே, அதான் அந்த யூனிட் பேரு போட்டேன்" என்றார்.

சுபேதார்_வேலூர் (பிப்ரவரி 4)

அருமை. ஆனால் இது துணைச் சான்றுதான். நவம்பர் 28-ல் கிழக்கே இருந்தார் என்று காட்டும், டிசம்பர் 3-க்கு மேலும் அங்கேயே இருந்தார் என்று காட்டாது. டி.ஓ. பார்ட்-2 வரட்டும்.

மலர்_கம்பம் (மார்ச் 11)

30 நாளில் பதில் வரவில்லை. வக்கீல் ஐயா சொன்னபடி மேல்முறையீடு எழுதி வைத்திருந்தேன். அனுப்பக் கிளம்பிய அன்று காலையில் தபால்காரர் உறையைக் கொண்டுவந்தார்.

மூன்று தாள். முதல் இரண்டும் ஷீட் ரோல் நகல். மூன்றாவது, 1971 அக்டோபரில் தாய் யூனிட் வெளியிட்ட டி.ஓ. பார்ட்-2-வின் ஒரு பக்கம். டைப்ரைட்டர் எழுத்து, கார்பன் பிரதியின் நகல் என்பதால் மங்கலாக இருக்கிறது. வரிசை எண் 1 முதல் 7 வரை. நான்காவது வரி அப்பா. அட்டாச்மென்ட் தொடங்கிய தேதி அக்டோபர் 27, போன யூனிட்டின் பெயர், எல்லாம் தெளிவாக இருக்கிறது. திரும்பி வந்த தேதி ஷீட் ரோலில் தனியாக, பென்சில் டிக்கோடு, 1972 பிப்ரவரி 14 என்று இருக்கிறது.

மற்ற ஆறு வரிகளிலும் கறுப்பு மையால் பெயரை அடித்திருந்தார்கள். மூன்றாம் நபர் விவரமாம்.

அப்பாவிடம் தாளைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் வரியைப் பார்த்தார். பிறகு முதல் கறுப்புப் பட்டையில் விரலை வைத்து ஒரு பெயர் சொன்னார். அடுத்ததில் வைத்து இன்னொரு பெயர். ஊர், வண்டி, யாருக்குப் பீடி பழக்கம், யார் பாடுவார் என்று ஏழு வரியையும் படித்து முடித்தார். 50 வருஷத்துக்கு மேல் ஆகிறது, எங்களிடம் ஒருநாளும் அந்தப் பெயர்களைச் சொன்னதில்லை. அம்மா சமையலறை வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சுபேதார்_வேலூர் (மார்ச் 11)

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை.

வேலை பாதிக்கு மேல் முடிந்தது அம்மா. பதிவு சரியாகவே இருக்கிறது. அதிலிருந்து மெடல் ரோலுக்குத்தான் போகவில்லை. புதிதாக நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, அவர்கள் காகிதத்தையே அவர்களுக்குக் காட்டினால் போதும்.

மனு இரண்டு பக்கத்துக்குமேல் போக வேண்டாம். மேலே ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், டிஸ்சார்ஜ் தேதி, பென்ஷன் ஆர்டர் எண். பெயரை டிஸ்சார்ஜ் புக்கில் எந்த ஸ்பெல்லிங்கில் இருக்கிறதோ அதேபோல் எழுதுங்கள். ஆதாரில் வேறாக இருந்தால் அதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். அங்கேதான் பாதி மனுக்கள் திரும்புகின்றன. பிறகு மூன்றே பத்தி. இன்ன தேதியிட்ட டி.ஓ. பார்ட்-2 வரிசை எண் 4-ன்படி இன்ன யூனிட்டில் அட்டாச் ஆனேன். ஷீட் ரோலின்படி 1972 பிப்ரவரி 14-ல் திரும்பினேன். ஆகவே 1971 டிசம்பர் 3 முதல் 16 வரை கிழக்கே பணியில் இருந்தேன், பூர்வி ஸ்டாருக்குப் பதிவைத் திருத்தி ஆணை வெளியிட வேண்டுகிறேன். விழாவில் நடந்தது, மன வருத்தம் எல்லாம் மனுவில் வேண்டாம். அது எங்களோடு இருக்கட்டும்.

மதுரை_வக்கீல் (மார்ச் 12)

அட்டாச் ஆன யூனிட் டிசம்பரில் எங்கே இருந்தது என்பதையும் அவர்களே சரிபார்க்கும்படி ஒரு வரி சேருங்கள். அது அவர்கள் வசம் உள்ள தகவல். மனுவை மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் தரும்படியும் கேளுங்கள். எழுத்தில் மறுத்தால் ஆறு மாதத்துக்குள் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அது கடைசி வழி. இவ்வளவு ஆவணம் இருக்கும்போது அங்கே போகத் தேவையிருக்காது என்று நினைக்கிறேன்.

கார்த்திக்_ஓசூர் (மார்ச் 12)

அக்கா, ஜனவரியில் நான் எழுதியதை இன்று திரும்பப் படித்தேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மனுவை இந்தியிலோ ஆங்கிலத்திலோ டைப் செய்ய வேண்டியிருந்தால் நான் செய்து தருகிறேன்.

மலர்_கம்பம் (மார்ச் 13)

கேட்டது நல்லதுதான் தம்பி, அதனால்தான் எனக்கே சில விஷயம் தெளிவானது. டைப் செய்து கொடுங்கள், பெரிய உதவி.

மலர்_கம்பம் (ஜூன் 30)

விசாரித்தவர்களுக்கு நன்றி. ஒரு முறை பதில் வந்தது. டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்கங்களின் சான்றிட்ட நகலும், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை நகலும் கேட்டிருந்தார்கள். நல அலுவலகத்தில் சான்று வாங்கி, உதவி இயக்குநரின் கடிதத்தோடு மறுபடி அனுப்பினோம். அத்தையின் இன்லேண்ட் லெட்டர் நகலையும் வைத்தேன். அப்பாவுக்கு இடையில் காய்ச்சல் வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது பரவாயில்லை.

மலர்_கம்பம் (செப்டம்பர் 18)

வந்துவிட்டது.

மெடல் இன்னும் வரவில்லை. கடிதம் வந்திருக்கிறது. பதிவுகளைச் சரிபார்த்ததாகவும், பூர்வி ஸ்டார் அவர் கணக்கில் சேர்க்கப்பட்டு டி.ஓ. பார்ட்-2 வெளியானதாகவும், மெடல் பின்னர் அனுப்பப்படும் என்றும் இருக்கிறது. டிஸ்சார்ஜ் புக்கில் இனி எழுதமாட்டார்கள், இந்தக் கடிதத்தையே அதோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டுமாம். டெக்சாஸ் அண்ணா சொன்னதுபோலவே.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தரம் படி என்றார். படித்தேன். கடிதத்தை வாங்கி, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை. "மத்த ஆறு பேருக்கு?" என்று கேட்டார்.

எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. ஒரே ஆணை, ஒரே அட்டாச்மென்ட். அப்பாவுக்கு விட்டுப்போனது என்றால் ஏழு பேருக்கும்தானே விட்டுப்போயிருக்கும்? அவர்களின் பெயர்களை இங்கே போட்டால் யாராவது கண்டுபிடித்துத் தருவீர்களா?

சுபேதார்_வேலூர் (செப்டம்பர் 18)

பெயர்களை இங்கே போடாதீர்கள் அம்மா. ஏஜென்ட்கள் இந்தப் பக்கத்தையும் படிக்கிறார்கள். அப்பாவின் கையெழுத்தில் ரெக்கார்ட் ஆபீசுக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். "அதே டி.ஓ. பார்ட்-2, வரிசை எண் 1, 2, 3, 5, 6, 7 ஆகியோரும் என்னோடு அதே இடத்தில் பணியாற்றினர். அவர்கள் பதிவையும் சரிபார்க்க வேண்டுகிறேன், நான் சாட்சியாகக் கையெழுத்திடத் தயார்." முகவரி அவர்களிடம் இருக்கிறது. எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ. இல்லையென்றாலும் மனைவிக்கோ பிள்ளைக்கோ கொடுப்பார்கள்.

தமிழ்நாட்டுக்காரர் யாராவது அந்த ஆறில் உண்டா?

மலர்_கம்பம் (செப்டம்பர் 19)

ஒருவர் உண்டு ஐயா. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். ஊர் பெயர் அப்பாவுக்கு நினைவிருக்கிறது.

மலர்_கம்பம் (செப்டம்பர் 29)

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போனோம். டீக்கடையில் "பட்டாளத்து டிரைவர் வீடு" என்று கேட்டதும் காட்டிவிட்டார்கள். அவர் 2009-லேயே இறந்துவிட்டார். மனைவி இருக்கிறார். அப்பா யார் என்று சொன்னதும், "நீங்கதான அந்தக் கம்பத்துக்காரரு" என்றார். அப்பா திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் மகன் உள்ளே போய், இரும்புப் பெட்டியிலிருந்து டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து வந்தார். கரையான் அரித்து ஓரம் போயிருந்தது. மெடல் பக்கத்தைத் திறந்தேன். நீல மையில் மூன்று வரி. அடியில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு.

சுபேதார்_வேலூர் (செப்டம்பர் 29)

அந்த அம்மா பெயரில் மனு. கணவரின் இறப்புச் சான்று, குடும்ப பென்ஷன் ஆர்டர் நகல் இரண்டையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மனுவின் மாதிரியை இன்று ராத்திரி எழுதி அனுப்புகிறேன்.

கார்த்திக்_ஓசூர் (செப்டம்பர் 29)

டைப் செய்வது நான்.